சகாரா வழியாக மஞ்சூர்

நான் என் வாழ்நாளில் மணலைக் குவியலாகப் பார்த்தது இரண்டே இடங்களில்தான். ஒன்று, எதிர்வீடு கட்டும்போது லாரிக்காரர் கொட்டிவிட்டுப் போன மணல். இன்னொன்று, கல்லூரிச் சுற்றுலாவில் பார்த்த மெரினா. இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, சகாரா பாலைவனத்தைக் கடப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. (கேட்டவர்கள் யாரும் கிடையாது. ஒரு மரியாதைக்காகச் சேர்த்துக்கொண்டேன்.)

அப்போது எனக்குக் குன்னூரில் ஒரு தேயிலை ஏலத் தரகர் அலுவலகத்தில் வேலை. வந்து இறங்கும் தேயிலையிலிருந்து மாதிரி எடுத்து, டப்பாவில் போட்டு, சீட்டு ஒட்டி அடுக்கி வைக்க வேண்டும். நாள் முழுக்க டீத்தூள் வாசனை. சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் அம்மா அதை வெந்நீரில் போட்டுக் குடித்துவிடலாம் என்பாள். வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகாமல், மேட்டில் இருந்த பழைய நூலகத்துக்குப் போய்விடுவேன். எஸ்டேட் துரைமார்கள் ஊரைவிட்டுப் போகும்போது விட்டுவிட்டுப் போன புத்தகங்கள் அங்கே இருந்தன. துப்பறியும் கதைகளை எல்லாம் யார் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யாரும் தொடாமல் எனக்கென்று மிஞ்சியிருந்தது ஒரே ஒரு அலமாரி. அதில் முழுக்க சகாரா.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாலைவனத்தைக் கடக்கப் போன வெள்ளைக்காரர்கள், திரும்பி வந்து எழுதிய பயண நூல்கள் அவை. (திரும்பி வராதவர்களின் நூல்களை அவர்களுடைய நண்பர்கள் எழுதியிருந்தார்கள்.) தடித்தடியான அட்டை, நடுவில் மடித்து வைத்த வரைபடம், வரைபடத்தின் நடுவில் ஒன்றுமே இல்லாத பெரிய வெள்ளை. வெளியே தென்மேற்கு மழை தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருக்கும். நான் உள்ளே மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, விரல் விறைக்க விறைக்கப் பக்கத்தைத் திருப்பியபடி, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் தவித்துக்கொண்டிருப்பேன். அந்த ஈர வாசனையும், மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சமும், நாக்கு வறண்டு நான் எழுந்து போய்க் குடித்த குளிர்ந்த தண்ணீரும் இப்போதும் என்னோடு இருக்கின்றன.

அந்த நூல்கள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் போகும். பயணம் கிளம்பும் வடகரை ஊரான திரிப்போலியில் உள்ள ஆட்கள், "இந்த மாதத்தில் கிளம்பாதீர்கள் ஐயா" என்பார்கள். அடுத்த அத்தியாயத்தில் ஐயா கிளம்பியிருப்பார். அதற்கடுத்த அத்தியாயத்தில் ஐயாவுக்குக் காய்ச்சல். ஒரு குழுவின் தலைவர், வழியில் விற்றுச் செலவுக்கு வைத்துக்கொள்ளச் சரக்கு வாங்காமல், பூச்சிகளைக் குத்தி வைப்பதற்காக ஒரு ஒட்டகச் சுமை தக்கை வாங்கிக்கொண்டு போனார். இன்னொரு பயணத்தில் இரண்டு அதிகாரிகளுக்குள் சண்டை. ஒரே முகாமில் இருந்துகொண்டு, பேச்சை நிறுத்திவிட்டு, ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். வேறொரு குழு ஒரு படகையே துண்டு துண்டாக்கி ஒட்டகங்களின் மேல் ஏற்றிப் பாலைவனத்துக்கு நடுவே கொண்டுபோனது.

இதையெல்லாம் படித்தால் சிரிப்பு வர வேண்டும். எனக்குப் பக்தி வந்தது.

அந்தப் பக்தியால் வந்த முதல் சேதம் கோயம்புத்தூரில். பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா பேச்சுக்கு, "லீவு நாள்ல என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டார். நான் திரிப்போலியில் ஆரம்பித்தேன். பஜ்ஜி ஆறி, காபியில் ஆடை படிந்து, பெண் உள்ளே போய், பெண்ணின் பாட்டி நாற்காலியிலேயே தூங்கிப் போனபோது நான் பாதிப் பாலைவனத்தில்கூட இல்லை. மறுநாள் கல்யாணத் தரகர் போன் செய்தார். "பையன் வெளிநாடு போற யோசனைல இருக்கறாப்ல தெரியுது, எங்களுக்கு உள்ளூர் மாப்பிள்ளதான் வேணும்னுட்டாங்க."

ஆகவே மஞ்சூர்ச் சம்பந்தம் வந்தபோது அம்மா என்னைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். "அந்த ஊட்டுல பாலைவனம்ங்கற வார்த்த உன் வாயில வரக் கூடாது. ஒட்டகம்னு சொன்னீன்னா நான் அங்கயே எந்திரிச்சு வந்துருவேன்."

சத்தியம் செய்துகொடுத்தேன்.

பெண்ணின் பெயர் தேன்மொழி. மஞ்சூருக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் அவளுடைய அப்பா டீமேக்கர், தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்பவர். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேச முடியாது என்பதால், ஆனி மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கொட்டுகிற மழையில் கிளம்பினோம். அம்மா, பெரியப்பா, அத்தை, நான். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவர் பெரியப்பாதான். அவர் முதல் நாளே மலையடிவாரத்துப் பர்லியார் போய் ஒரு முழுப் பலாப்பழத்தை வாங்கி வந்திருந்தார். சின்னக் குழந்தை அளவு இருக்கும்.

"மஞ்சூர்க் குளுருக்குப் பலா காய்க்காதுடா. அவங்க பாத்தாவே அசந்துருவாங்க" என்றார்.

நான் என் பங்குக்கு ஒரு பை கொண்டு வந்திருந்தேன். அதில் குளுக்கோஸ் பொட்டலம், நைலான் கயிறு, விசில், ஊட்டி நடைபாதைக் கடையில் வாங்கிய திசைகாட்டி வைத்த சாவிக்கொத்து எல்லாம் இருந்தன. குடை இல்லை. ஆனி மாதத்தில், நீலகிரியில், குடை இல்லாமல் கிளம்பிய ஒரே மனிதன் அன்றைக்கு நானாகத்தான் இருந்திருப்பேன். (சகாராவுக்குப் போன யாரும் குடையைப் பற்றிப் பெரிதாக எழுதவில்லை.)

மஞ்சூருக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. ரோட்டின் குறுக்கே ஒரு கற்பூர மரம் விழுந்து கிடந்தது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "மிஷின் வாள் வந்துட்டு இருக்குதுங்க. அறுத்துப் போட்டா கிளம்பிரலாம். யாரும் எறங்காதீங்க, மழை" என்றார். எல்லாரும் நிம்மதியாகக் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாய்ந்துகொண்டார்கள். யாரோ முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

எனக்குள் திரிப்போலி கேட்டது.

"பெரியப்பா, இந்த எஸ்டேட்டுக்குள்ள எறங்கி நடந்தா அந்தப் பக்கம் ஃபேக்டரி. அதுக்குக் கீழதான் அவங்க குவார்ட்டர்ஸ். பஸ்ஸு மலையச் சுத்திப் போவுது. நாம குறுக்க போயிரலாம்."

"உனக்கு வழி தெரியுமாடா?"

நான் சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினேன்.

கண்டக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஏனுங்க, மஞ்சு எறங்குதுங்க. வேண்டாமுங்க" என்றார். மூடுபனிக்குத்தான் இங்கே மஞ்சு என்று பெயர். உள்ளூர் ஆள் வேண்டாம் என்று சொன்னால் கிளம்பிவிட வேண்டும் என்பதுதான் நான் படித்த அத்தனை நூல்களின் முதல் பாடமாயிற்றே? அம்மாவுக்கு நல்ல நேரம் தப்பிவிடுமோ என்ற கவலை. அதனால் அவளும் எழுந்துவிட்டாள். அத்தை மட்டும் படியில் நின்று, "ஏன் கண்ணு, இப்படியே போனா ஊடு வருமா, கேரளா வருமா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

கொஞ்ச தூரத்துக்கு நன்றாகத்தான் இருந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆள் போகும் தடம், நனைந்த பச்சை வாசனை, ஆங்காங்கே சில்வர் ஓக் மரங்கள். நான் முன்னால். எனக்குப் பின்னால் பெரியப்பா, ஒரு தோளில் பலாப்பழம், இன்னொரு கையில் குடை. அவருக்குப் பின்னால் அம்மாவும் அத்தையும் பட்டுப்புடவைகளைத் தூக்கிச் செருகிக்கொண்டு. மழையில் நான் நடுங்குவதைப் பார்த்துப் பெரியப்பா தன் கறுப்புக் கம்பளியை எடுத்து என் தலையோடு போர்த்திவிட்டார். "ஜன்னி கண்டு செத்தீன்னா பொண்ணு ஊட்டுல என்னன்னு சொல்றது?"

அப்புறம் மஞ்சு இறங்கியது. முதலில் மரங்களைக் காணோம். பிறகு செடிகளைக் காணோம். பிறகு அத்தையைக் காணோம். "இங்கதான் இருக்கேன், அட்ட கடிச்சிருச்சு, நிக்கறேன்" என்று குரல் மட்டும் வந்தது.

நான் திசைகாட்டியைப் பார்த்தேன். மேற்கே போக வேண்டும். முள் காட்டிய வடக்கை வைத்துத் திரும்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வடக்கு வேறு பக்கம் இருந்தது. மறுபடி திரும்பினேன். வடக்கும் திரும்பியது. அது பெரியப்பாவின் இரும்புக் குடைக் கம்பியைப் பார்த்துத்தான் ஆடுகிறது என்று எனக்கு வெகுநேரம் புரியவில்லை. அவர் இடப்பக்கம் வந்தால் வடக்கு இடப்பக்கம். அவர் களைத்து உட்கார்ந்தால் வடக்கும் உட்கார்ந்தது. அன்றைக்கு வடக்கு எங்கள் பெரியப்பாவோடேயே நடந்து வந்தது.

"முரளி, இதே பாறைய நாம முன்னாடி பாக்கல?" என்றாள் அம்மா.

"எல்லாப் பாறையும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்."

"இதுமேல நான் எம் பொடவையப் புழிஞ்சனேடா."

இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது, எனக்கு வழி தெரியவில்லை என்று சொல்வது. நான் செய்தது, எல்லாருக்கும் குளுக்கோஸ் கொடுத்தது. கையில் கொட்டியதும் மழையில் கரைந்து மணிக்கட்டு வழியாக ஓடியது. அத்தை பையைத் திறந்து, பெண் வீட்டுக்கு என்று வாங்கி வைத்திருந்த ஊட்டி வர்க்கி ரொட்டியை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தாள். மஞ்சுக்கு நடுவில் நான்கு பேரும் ஒரே கம்பளிக்குக் கீழே ஒண்டிக்கொண்டு தின்றோம். பயத்தையும் மீறி அது ருசியாக இருந்தது. பெரியப்பா மென்றுகொண்டே, "உங்கொப்பனும் இப்படித்தான்டா. வழி தெரியாதுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல" என்றார். அம்மா அந்த நேரத்திலும் சிரித்தாள். அப்பா போன பிறகு அவரைப் பற்றிய பேச்சுக்கு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்போது கீழே எங்கிருந்தோ ஃபேக்டரி சங்கு கேட்டது. மிக அருகில். மஞ்சில் ஒன்றும் தெரியாவிட்டாலும், நேர் கீழே.

"பாத்தீங்களா, நான் சொன்னனே!" என்றேன். (சங்கை நானே ஊதியது போல.)

சரிவு செங்குத்தாக இருந்தது. பெரியப்பாவுக்கு மூச்சு வாங்கியது. தலைவன் என்ற முறையில் பலாப்பழத்தை நான் வாங்கிக்கொண்டேன். அத்தை, "வேண்டாம் கண்ணு, பெரியவரே வெச்சுக்கட்டும்" என்றாள். இரண்டாவது அடியிலேயே என் கால் வழுக்கியது. நான் ஒரு செடியைப் பிடித்துக்கொண்டேன். பலாப்பழத்துக்குப் பிடித்துக்கொள்ளக் கை இல்லை.

அது உருண்டது. செடிகளை மடமடவென்று ஒடித்துக்கொண்டு, மஞ்சுக்குள் போய் மறைந்து, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் இருந்து, பிறகு கீழே "டமார்" என்று ஒரு தகரக் கூரையின் மேல் விழுந்தது. ஒரு பெண் அலறினாள். நாய் குரைத்தது. நான் பதறிப்போய், யாருக்காவது அடிபட்டதா என்று பார்க்க, கம்பளியைத் தலையோடு போர்த்தியபடியே, வழுக்காமல் இருக்கக் கையையும் ஊன்றி, நாலு காலில் வேகமாக இறங்கினேன். மூச்சு வேறு உர் உர்ரென்று வந்துகொண்டிருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வாரம்தான் அந்த வீட்டுச் சமையலறைக் கதவை உடைத்து ஒரு கரடி எண்ணெய்த் தூக்கைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. எனக்கு அது தெரியாது.

மஞ்சு விலகிய இடத்தில் ஒரு கொல்லைப்புறம் தெரிந்தது. ஒருவர் வாளியைத் தடியால் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு அம்மா தட்டை அடித்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு நடுவில் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கழுத்தில் மஃப்ளர் சகிதம் ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் கையில் புகைந்துகொண்டிருந்தது வெடி.

"அப்பா, அதோ! மறுபடி வந்துருச்சு!" என்று கத்தி அவள் வீசினாள். குறி தவறாத கை. என் முகத்துக்கு முன்னால் இருந்த செடியில் விழுந்து வெடித்தது. காது அடைத்துவிட்டது. நான் துள்ளி எழுந்தேன். கம்பளி நழுவியது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். மேலே மஞ்சுக்குள்ளிருந்து அம்மாவின் குரல்: "போடாதீங்க! போடாதீங்க! அது மாப்பிள்ளைங்க!"

இரண்டாவது வெடி என் காலடியில் வெடித்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் எனக்கு ஒரு காது கேட்காத நிலையில்தான் நடந்தது. வெந்நீர் கொடுத்தார்கள். தேன்மொழியின் அப்பா, அதாவது மாமாவின் லுங்கியையும், எஸ்டேட்டில் கொடுத்த, என்னைப் போல இன்னொருவரையும் உள்ளே விடக்கூடிய ஸ்வெட்டரையும் கொடுத்தார்கள். இடது புருவத்தில் பாதி கருகியிருந்தது. குளியலறைக் கூரையின் ஒரு தகரம் வளைந்து தொங்கியது. நாங்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பெண் காபித் தட்டோடு வர வேண்டிய நேரத்தில் உப்புக் கிண்ணத்தோடு வந்து, அத்தையின் காலில் இருந்த அட்டைகளுக்கு ஒவ்வொன்றாக உப்பு வைத்தாள். யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. அப்போது எங்கள் பஸ், வெளியே ரோட்டில், ஹாரன் அடித்துக்கொண்டு சௌகரியமாகக் கடந்து போனது.

மாமா தொண்டையைச் செருமினார். "தப்பா நெனைக்காதீங்க. பஸ்ஸுலயே வந்திருக்கலாமேங்க? எதுக்குங்க அந்தப் பக்கமா எறங்குனீங்க?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மேலே விட்டத்தைப் பார்த்தாள். இனிமேல் காப்பாற்ற என்ன இருக்கிறது என்பது போல ஒரு பெருமூச்சு விட்டு, "சொல்லித் தொலை" என்றாள்.

சொன்னேன். தக்கை வாங்கிப் போனவரை, பேசாமல் கடிதம் எழுதிக்கொண்டவர்களை, படகை. ஆனால் அன்றைக்கு என்னமோ வேறு மாதிரி வந்தது. கோயம்புத்தூரில் அவர்களை வீரர்களாகச் சொன்னவன், இங்கே பாதிப் புருவத்தோடும் இரவல் லுங்கியோடும் அவர்களில் ஒருவனாகச் சொன்னேன். காய்ச்சலில் கிடந்துகொண்டு வீட்டுக்கு, "நலமாக இருக்கிறேன்" என்று எழுதியவர்களைப் பற்றிச் சொன்னபோது பெரியப்பாவே தலையாட்டினார். மாமா வாய்விட்டுச் சிரித்தார். உப்புக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றவள் முதல் தடவையாக நேராக என்னைப் பார்த்தாள்.

"அந்தப் படகு என்னங்க ஆச்சு?"

"கொண்டு போய்ச் சேத்துட்டாங்க. அங்க சாட்னு ஒரு பெரிய ஏரி. அதுல விட்டு ஓட்டுனாங்க."

"மிதந்துச்சா!"

"மிதந்துச்சுங்க."

அவள் முகம் அப்படி மலர்ந்தது. ஏதோ அவளே இழுத்துக்கொண்டு போன படகு மாதிரி. நான் உடனே, எகிப்தியன் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு தனியாக டிம்பக்டுவுக்குப் போன ஒரு பிரெஞ்சுக்காரரின் கதையை ஆரம்பித்தேன். அவர் ஊர் எல்லைக்கு வந்து, பொன்னால் ஆன நகரத்தைப் பார்க்கப் போகிறோம் என்று நிற்கிற இடத்தில், திரும்பி வந்த பஸ் வாசலில் ஹாரன் அடித்தது. ஊட்டியில் மாறிக் கடைசி பஸ் பிடிக்க வேண்டும் என்று பெரியப்பா எழுந்துவிட்டார். கண்டக்டர் எங்களைப் பார்த்ததும், "வாங்க வாங்க, ரூட்டெல்லாம் கண்டுபுடிச்சாச்சுங்களா?" என்றார்.

வழியெல்லாம் அம்மா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அத்தைதான், "நல்ல பொண்ணு. கை நடுங்காம உப்பு வெச்சுது. நம்மளுக்குக் குடுத்து வைக்கல" என்று மூக்கை உறிஞ்சினாள்.

மறுநாள் அலுவலகத்தில் டப்பாவுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. "வணக்கம். டிம்பக்டு பொன்னாக இருந்ததா?"

மண் வீடுகள்தான் என்று பதில் எழுதினேன். ஊருக்குத் திரும்பி அதைச் சொன்னபோது சிலர் நம்பவே இல்லை என்றும் எழுதினேன். அதற்கு அவள், "நான் நம்புகிறேன். அடுத்தவர் யார்?" என்று கேட்டிருந்தாள். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

பெரியப்பா இப்போது இல்லை. நூலகத்துக்குள் போனால் அந்த அலமாரி பூட்டியிருக்கிறது; சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் மஞ்சூர்ப் பயணத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் போனோமோ அத்தனை கதை உண்டு. பெரியப்பா சொன்னதில் பலாப்பழத்தைக் கடைசிவரை அவரே சுமந்தார். அத்தை சொல்வதில் நிஜக் கரடி ஒன்று வரும். கொல்லையில் நின்ற தேன்மொழியிடம் மட்டும் யாரும் விவரம் கேட்டதில்லை.

போன தீபாவளிக்கு மஞ்சூர் போயிருந்தோம். அதே கொல்லைப்புறத்தில் எங்கள் மகள் ஊதுபத்தியை வைத்துக்கொண்டு, வெடி வைக்கப் பயந்து நின்றாள். தேன்மொழி அவளைத் தேற்றுவதற்காக, "இதே எடத்துலதான் நான் உங்கப்பா மேல வெடி போட்டேன். மொதல் வெடி கரடின்னு நெனச்சுப் போட்டது" என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தினாள்.

"ரெண்டாவது?" என்றாள் மகள்.

தேன்மொழி மல்லிகையைச் சரி செய்துகொண்டாள். இத்தனை வருஷமாக, திரி முன்பே பற்ற வைத்தாகிவிட்டது, கையில் வைத்திருக்க முடியாமல் போட்டுவிட்டாள் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டாவது போடறப்ப மாப்பிள்ளைன்னு தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சுமா போட்டே?" என்றேன் நான்.

"ரெண்டு கையையும் தூக்கிட்டு நின்னீங்க. அழகா இருந்துச்சு. எப்படித் துள்ளுவீங்கன்னு பாக்கத் தோணுச்சு."

மாமா சிரித்துப் புரையேறி இருமினார். அன்றைக்கு முதல் எங்கள் வீட்டில், வேண்டுமென்றே செய்துவிட்டுத் தெரியாமல் செய்தது போல நிற்கும் எல்லாக் காரியத்துக்கும் 'ரெண்டாவது வெடி' என்றுதான் பெயர். போன வாரம்கூட, டாக்டர் இனிப்பே தொடக் கூடாது என்று சொல்லியிருக்கும் அம்மா சமையலறையில் ஜாங்கிரியும் கையுமாக மாட்டிக்கொண்டாள். உப்புப் போட்டிருக்கிறதா என்று பார்த்தேன் என்றாள். மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "பாட்டி, உண்மையச் சொல்லுங்க. இது மொதல் வெடியா, ரெண்டாவது வெடியா?"

அம்மா ஜாங்கிரியை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, "ரெண்டாவது" என்றாள்.